உங்களுக்குத் தெரியுமா? வீடடங்கிய காலமும் விரல் தேய்த்த திரையும்

● கொரோனா தொற்றால் சீனாவின் வூஹான் நகரம் 2020 ஜனவரி 23-ஆம் தேதி பூட்டப்பட்டது. எட்டே நாளில் ஆய்வாளர்கள் இணையம் வழியாக நாடு முழுக்கக் கருத்தாய்வு தொடங்கிவிட்டார்கள். பதில் சொன்ன 4,872 பேரில் நூற்றுக்கு 82 பேர், தொற்றுச் செய்திகளைச் சமூக ஊடகத்தில் அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னார்கள். நூற்றுக்கு 48 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. அடிக்கடி பார்த்தவர்களிடம் பதற்றமும் கூடுதல். பதறியதால் போனைத் திறந்தார்களா, திறந்ததால் பதறினார்களா? ஒரே முறை எடுத்த கணக்கை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வருடம் பல தலைப்புச் செய்திகள் சொல்லிவிட்டன!

● அதே வூஹானில் லீ வென்லியாங் என்ற கண் மருத்துவர் இருந்தார். புதுவிதக் காய்ச்சல் பரவுகிறது, ஜாக்கிரதை என்று கூடப் படித்தவர்களின் வீசாட் குழுவில் 2019 டிசம்பர் 30-ஆம் தேதி எழுதினார். வதந்தி பரப்பியதாகப் போலீஸ் கூப்பிட்டுக் கண்டித்து, கையெழுத்து வாங்கி அனுப்பியது. பிப்ரவரி 1-ஆம் தேதி, தனக்கே தொற்று உறுதியாகிவிட்டது என்று வெய்போ என்ற சமூக ஊடகத்தில் பதிவிட்டார். அதுதான் அவருடைய கடைசிப் பதிவு. பிப்ரவரி 7-ஆம் தேதி இறந்துபோனார். வயது 33.

அந்தப் பதிவுக்குக் கீழே பின்னூட்டங்கள் நிற்கவே இல்லை. முதலில் அஞ்சலி, கோபம். பிறகு பேச்சு மாறியது. "காலை வணக்கம், டாக்டர்" என்று தொடங்குகிறார்கள். இன்று மழை என்கிறார்கள். பரீட்சை முடிவு, வேலை போனது, காதல் முறிந்தது, தூக்கம் வரவில்லை என்று எல்லாம் வந்து கொட்டுகிறார்கள். அவருக்குப் பொரித்த கோழி பிடிக்கும் என்பதைப் பழைய பதிவுகளில் கண்டுபிடித்தவர்கள், இன்று உங்களுக்காகக் கோழிக்கால் சாப்பிட்டேன் என்றும் எழுதுகிறார்கள். எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. 76 நாள் பூட்டு திறந்து ஊர் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. பதில் வராது என்று தெரிந்தேதான் வருகிறார்கள். இதை எந்தக் கருத்தாய்வின் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

● பார்ப்பதும் காயப்படுத்தும். 2013 ஏப்ரல் 15-ஆம் தேதி பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. அடுத்த வாரம் முழுக்க அது சம்பந்தப்பட்ட செய்தியையும் காட்சியையும் தினம் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ பார்த்தவர்களிடம், வெடித்த இடத்தில் இருந்தவர்களை விட மன அழுத்த அறிகுறிகள் அதிகமாக இருந்தன. டிவி, இணையம், சமூக ஊடகம் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. வீட்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்!

● கபசுரக் குடிநீர், பூண்டு, வெந்நீர் என்று நம் குடும்பக் குழுக்கள் கொதித்துக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் ஒரு கடிவாளம் போட்டது. பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம். சில வாரங்களில் அப்படிப்பட்ட ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்துவிட்டதாக நிறுவனமே சொன்னது. ஒரு செய்தியைப் பரப்ப ஒவ்வொரு குழுவாகத் தேடிப்போய் அனுப்ப வேண்டும் என்றதும் பெரியப்பாக்களுக்கே அலுத்துவிட்டது போலிருக்கிறது.

● 2020 மார்ச்சில் டி-நைஸ் என்ற அமெரிக்க டிஜே, லாஸ் ஏஞ்சலிஸில் தன் வீட்டிலிருந்தபடியே இன்ஸ்டாகிராம் நேரலையில் பாட்டுப் போட்டார். ஒரே நேரத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கேட்டார்கள். மிஷெல் ஒபாமாவும் எட்டிப் பார்த்தார். வந்தவர் பெயரைச் சொல்லிச் சொல்லி வரவேற்றார் டிஜே.

● வீடியோ கூட்டம் முடிந்ததும் தலை கனத்ததே, ஏன்? ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் சொன்ன காரணங்களில் ஒன்று, நாள் முழுக்க நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது. நம் படம் நமக்குத் தெரியாமல் மறைக்க வீடியோ கூட்டச் செயலியிலேயே வசதி உண்டு.

● பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்து நிமிடம்தான். மூன்று வாரத்தில் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. 2018-இல் வெளியான இந்த முடிவைப் பலரும் எடுத்துச் சொல்வார்கள். சொல்லாமல் விடும் பாதி இது: எந்தத் தடையும் இல்லாமல் வழக்கம்போலப் பார்த்த மற்றப் பிரிவிலும் பதற்றம் குறைந்தது. எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்று கணக்கு வைத்ததே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

● பதற்றம் எல்லை மீறினால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கியது. ஊரடங்கின்போது இருந்திருக்க வேண்டிய சேவை.

● மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்பருவத்தினரின் விவரங்களை அலசிய ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு ஒன்று 2019-இல் வந்தது. அவர்கள் மனநலத்தில் காணும் வேறுபாட்டில், திரைப் பயன்பாட்டோடு தொடர்புடையது அதிகபட்சம் 0.4 சதவீதம். அடிக்கடி உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பும் கிட்டத்தட்ட அதே அளவுதான்!

● 2018 அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்பு, காசு கொடுத்துச் சிலரை நான்கு வாரம் ஃபேஸ்புக்கை மூட வைத்தார்கள் பொருளியல் ஆய்வாளர்கள். தினம் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. அது தனியாக டிவி பார்க்கவும், நண்பர்கள், குடும்பத்தோடு இருக்கவும் போனது. ஊரடங்கில் தனியாக மாட்டிக்கொண்டவருக்கு இதில் முதலாவது மட்டும்தான் வாய்த்திருக்கும். ஃபேஸ்புக்கை மூடியவர்களுக்கு மகிழ்ச்சி கொஞ்சம் கூடியது. நாட்டு நடப்பைப் பற்றிய கேள்விகளில்தான் மார்க் குறைந்துவிட்டது.