மாணவர் எண்ணிக்கை: பூஜ்யம்!

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் நேரே கடைசி வரிக்குப் போய்க் கூட்டுத்தொகையைத்தான் பார்ப்போம். அப்படி என்னைத் தூக்கிவாரிப் போட்ட ஒரு கூட்டுத்தொகை: பூஜ்யம். ஒரு வட்டாரம் முழுக்க, அரசுப் பள்ளிகளில் படித்த மாணவர்கள் பூஜ்யம். அதுவும் ஐந்து வருஷம்!

அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டி. (கவுன்ட்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, சைஸ் சின்னது.) புகையிலை விளையும் பட்டிக்காடு. வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்குத் தனிப் பள்ளி. கறுப்பர்களின் மோட்டன் பள்ளியை 1939-ல் 180 பேருக்கென்று கட்டினார்கள். 1951-ல் 450 பேருக்கு மேல்! கூடுதல் கட்டடம் கேட்டால், தார் பேப்பர் ஒட்டிய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தார்கள். மழை வந்தால் ஒழுகும்.

பார்பரா ஜான்ஸுக்கு அப்போது 16 வயது. 1951 ஏப்ரல் 23 அன்று, பசங்க பஸ் ஸ்டாண்டில் வம்பில் மாட்டிக்கொண்டார்கள் என்று ஹெட்மாஸ்டருக்கு ஒரு போன். மனுஷர் பதறி ஓடினார். அந்த கேப்பில் மொத்தப் பள்ளியையும் ஹாலில் கூட்டி ஸ்டிரைக் அறிவித்துவிட்டாள் அந்தப் பெண். (நம்ம காலேஜ் ஸ்டிரைக்கெல்லாம் எதற்கு நடந்தது என்று யோசித்துப் பார்க்காதீர்கள்.) விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. பள்ளிகளில் இனவாரியாகப் பிரிப்பது செல்லாது என்று 1954-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதே, பிரவுன் தீர்ப்பு, அதில் அடங்கிய ஐந்து வழக்குகளில் இதுவும் ஒன்று.

1959-ல், சேர்த்து உட்கார வைத்தே ஆகவேண்டும் என்று கோர்ட் நெருக்கியது. கவுன்ட்டி நிர்வாகம் தடியைத் தூக்கவில்லை, கூச்சல் போடவில்லை. பட்ஜெட்டில் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்காமல் விட்டது, அவ்வளவுதான். எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் பூட்டு! கணக்கு எழுதுகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், இவ்வளவு சுத்தமான அயோக்கியத்தனத்தை நான் பார்த்ததில்லை.

வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ரெடியாக இருந்தது. கறுப்பர் வீட்டுப் பிள்ளைகள் சுமார் 1,700 பேர். சிலர் வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். சிலர் சர்ச்சில் நாலு எழுத்து கற்றார்கள். பலருக்கு அதுவும் இல்லை, வயல் வேலைதான்.

1964-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடி தலையிட்டுப் பூட்டைத் திறக்க வைத்தது. வந்து சேர்ந்தவர்கள் சுமார் 1,500. அதில் வெள்ளைப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்! மெல்ல மெல்லத் திரும்பி வரப் பல வருஷம் பிடித்தது.

ரெஜிஸ்தரில் பூஜ்யம் மறைந்தது. ஆனால் ஏழு வயதில் நின்றுபோன பையன் பன்னிரண்டு வயதில் எந்த வகுப்பில் உட்காருவான்? நிறையப் பேர் திரும்பி வரவே இல்லை. 2003-ல் கூப்பிட்டு கௌரவ டிப்ளமோ கொடுத்தார்கள். அந்த ஏழு வயதுப் பையனுக்கு அப்போது 51.