மேசைமேல் வைத்த சிலை

பணி நிமித்தம் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர், விடுமுறை நாட்களில் குழந்தைகளுடன் அருங்காட்சியகம் செல்வதுண்டு. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொருள் முன்பு எங்கே இருந்தது, யார் கையால் ஆனது என்று கேட்போர் சிலரே. ஐரோப்பாவின் பெரும் ஓவியர்களும் ஆப்பிரிக்கப் பொருள்களைக் கண்டபோது இக்கேள்வியைப் பெரும்பாலும் கேட்டாரில்லை.

1906-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பாரிஸ் நகரின் ரென் வீதிக் கடையொன்றில் ஓவியர் மத்தீஸ் சிறு மரச்சிலை ஒன்றை வாங்கினார். காங்கோப் பகுதியின் விலி மக்கள் செதுக்கிய உருவம் அது. எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனின் இல்லத்தில் அதனைக் கண்ட பிக்காஸோ மனத்தைப் பறிகொடுத்தார். மத்தீஸோ அதைப் பிற பொருள்களோடு சேர்த்து வரையத் தொடங்கினார், படம் முற்றுப்பெறவில்லை. பழம், பூச்சாடி முதலியவற்றை மேசைமேல் வைத்து வரையும் இவ்வகைக்கு அசைவற்ற பொருள் ஓவியம் என்று பெயர். 1911-இல் பல நாட்டு முகமூடிகளை வரைந்த ஜெர்மானியர் நோல்டேயும் தம் படங்களுக்கு அப்பெயரையே சூட்டினார்.

ஆனால் முகமூடி அசைவற்ற பொருளா? நாராடை தரித்து, முரசொலிக்கு ஏற்ப ஆடுவோர் அணிவதல்லவா அது! 1884-85-இல் பெர்லினில் கூடிய வல்லரசுகள் ஆப்பிரிக்காவைக் கைக்கொள்ள விதி வகுத்தபின், படையினரும் அதிகாரிகளும் வணிகரும் பாதிரிமாரும் கப்பலேற்றிய பொருள்கள் பல்லாயிரம். வாங்கியவையும் உண்டு, கொள்ளையிட்டவையும் உண்டு. ஆடையும் ஆட்டமும் அங்கேயே நின்றுவிட, பெரும்பாலும் மரம் மட்டுமே வந்து சேர்ந்தது. தேரும் மேளமும் இன்றி உற்சவமூர்த்தியைக் கடையில் காண்பது போலத்தான்.

எனினும் அவ்வோவியர்களின் கண் கூரிய கண் என்பதை நாம் மறுப்பதற்கில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் கிரெபோ முகமூடிகளில், குழிந்திருக்க வேண்டிய கண்கள் உருளைகளாக வெளியே நீண்டிருக்கும். அத்தகைய முகமூடி பிக்காஸோவிடம் இருந்தது. 1912-இல் அவர் அட்டையால் கித்தார் ஒன்று செய்தபோது, அதன் துளையை முன்னே நீளும் குழலாக அமைத்தார். உள்ளது உள்ளபடி காட்டாமல் குறிப்பால் உணர்த்தும் வித்தை அது. அதைக் கற்பித்த ஆசானின் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை.

ஆசான்களுக்குப் பெயர் இல்லாமலில்லை. நைஜீரியாவில் இசே என்னும் ஊரின் ஓலோவே, யொரூபா மக்களிடையே புகழ்பெற்ற சிற்பி, மத்தீஸின் காலத்தவர், 1938-இல் மறைந்தார். இக்கெரெ அரசரின் மாளிகைக்கு அவர் செதுக்கிய கதவு, 1924-இல் வெம்பிளியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுப் பொருட்காட்சிக்குச் சென்று, பின்னர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தது. ஐரோப்பிய ஓவியர் ஆப்பிரிக்கப் பொருள்களை வரைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், இவர் ஐரோப்பியரையே மரத்தில் செதுக்கிவிட்டார். கதவின் ஒருபுறம் அரசர் கம்பீரமாக வீற்றிருக்கிறார். மறுபுறம், சுமப்போர் தூக்கிவரும் தூளியில் உடல் குறுகி வந்துசேர்கிறார் ஆங்கிலேய அதிகாரி.