அலையற்ற வழி

புனலாடப் புகுந்தவன் கரைமீளாத துயரத்தை, ஆட்டனத்தியின் வரலாறாகத் தமிழிலக்கியம் நமக்குச் சொல்லி வைத்திருக்கிறது. அவன் சேரர் குடியினன், ஆடலில் வல்லவன். கழார்த் துறையிலே நிகழ்ந்த புனல்விழாவிற் காவிரி அவனைக் கவர்ந்து சென்றது. அவனைத் தேடி அரற்றித் திரிந்த ஆதிமந்தியைப் பரணர் அகநானூற்றிற் பலமுறை நினைவுகூர்கின்றார். கடலே அவனைக் கொணர்ந்து அவள் முன் நிறுத்தியது என்று சிலப்பதிகாரம் கூறும். காப்பியத்திலே கடல் அவ்வாறு இரங்கலாம். உலகியலிலோ, அது கொண்ட உயிரைத் திரும்பத் தந்ததில்லை.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என நிரல்பட்டு, தெற்கே பொத்துவில், அறுகம்குடா வரை நீளும் அம்பாறைக் கரையில் வாழ்வோருக்கு மேற்கே வயல், கிழக்கே கடல். பெருநாள் மாலைகளிலும் பாடசாலை விடுமுறை நாள்களிலும் இக்கரையெங்கும் மக்கள் கூட்டம். மகிழ்ச்சி நிறைந்த அந்நாள்களிலேதான், நீராடச் சென்ற இளைஞர் மீளவில்லை என்ற செய்தியும் அவ்வப்போது வந்து நெஞ்சைச் சுடுகிறது. கடலருகே பிறந்தவனுக்குக் கடல் தெரியும் என்னும் நம்பிக்கையே இத்துயரின் முதற்காரணம் என்பேன். கடலைத் தெரிந்தவன் கரைவலை இழுப்பவன், தோணி தள்ளுபவன். நீரின் நிறத்தையும் காற்றின் திசையையும் பார்த்த பின்பே அவன் காலை நனைக்கின்றான். வணிகரின் மகனும் ஆசிரியரின் மகனும் அலையின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்களேயன்றி, அதன் மொழியைக் கற்றவர்கள் அல்லர்.

அம்மொழியின் முதற்பாடம் விந்தையானது. நீராட வருபவன், அலை சீறி வெண்ணுரை கக்கும் இடத்தை அஞ்சி விலகுகின்றான். இரு நுரைப்பரப்புகளுக்கு நடுவே அலை உடையாது அமைதியாகத் தோன்றும் நீரைக் கண்டு, அங்கே இறங்குகின்றான். ஆபத்து இருப்பது பெரும்பாலும் அங்கேதான். அலைகள் கரையில் ஏற்றிவிட்ட நீர் மீண்டும் கடல் சேர வழி தேடும். நீருக்கடியில் உள்ள மணல்மேட்டிலே பள்ளமான இடம் கிடைத்தால், அவ்வழியே ஆறுபோற் பாய்ந்து வெளியேறும். அதுவே இழுவை நீரோட்டம். அவ்விடம் ஆழமாகையால் அங்கே அலை உடைவதில்லை. நீர் சற்றே கருத்தோ, மணல் கலங்கியோ தோன்றும். நுரையும் சருகும் கடலை நோக்கி மிதந்து செல்லும். சிற்சில வேளைகளில் அதன் வேகம் வினாடிக்கு 2 மீற்றரையும் எட்டும். தேர்ந்த நீச்சல் வீரனும் அதனை எதிர்த்து வெல்லுதல் அரிது.

இவ்வோட்டம் மனிதனைக் கீழே அமிழ்த்தும் என்பது பழைய நம்பிக்கை. 1936 ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் கடலியல் அறிஞர் பிரான்சிஸ் செப்பர்ட் இதனைத் தெளிவுபடுத்தினார். அது ஆளை அடியிலே இழுப்பதன்று. கரையினின்றும் அப்பால் கொண்டு செல்வது. அலை உடையும் எல்லையைக் கடந்ததும் அதன் வலி தளர்ந்துவிடும். ஆகவே உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரோட்டமன்று. அச்சத்தினால் அதனோடு பொருது களைத்துப் போவதே. அகப்பட்டவன் மல்லாந்து மிதந்து மூச்சைக் காக்க வேண்டும். கையுயர்த்தி உதவி கோர வேண்டும். வலிமை இருப்பின், கரைக்கு நேரே நீந்தாது, கரையோடு ஒட்டிய திசையிற் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்தை அடைந்து, அவ்வலையோடு கரை சேரவேண்டும்.

காற்றின் பாடம் அடுத்தது. மார்கழி, தை மாதங்களில் வாடை வீசும்போது கீழைக்கடல் கொந்தளிப்பதை எவரும் காண்பர், அஞ்சுவர். கச்சான் வீசும் காலத்திலோ, காற்று நிலத்தினின்று கடலை நோக்கிச் செல்வதால் கரையோர நீர் அடங்கிக் கிடக்கும். அதனை நம்பி, காற்றடைத்த ரயர் குழாயின் மீது சிறுவரை மிதக்க விட்டால், அதே காற்று அவர்களைச் சந்தடியின்றி ஆழ்கடலுக்குத் தள்ளிச் செல்லும். ஒலுவில் துறைமுகத்தில் உள்ளவை போன்ற அலைதடுப்புக் கற்சுவர்களின் அருகிலும், ஆறும் களப்பும் கடலொடு கலக்கும் முகத்துவாரங்களிலும் நீரோட்டம் வலியது. அங்கே நீராடுதல் தகாது.

மூழ்குபவன் கூவி அழைப்பான் என்று எண்ணுவதும் தவறு. மூச்சுக்கே வாயில்லாதவன் கூவுவது எங்ஙனம்? பெரும்பாலும் ஓசையின்றியே அவன் அமிழ்கின்றான். ஆதலாற் பிள்ளைகள் நீரில் இருக்கையிற் பெற்றோரின் கண் அவர்களை விட்டு அகலலாகாது. இன்னொரு கொடுமையும் உண்டு: தம்பியைக் காக்கப் பாய்ந்த அண்ணனும் உடன் மாய்வது. பாய்வதற்கு முன் எறிக. கயிறோ, மூடியிட்ட வெற்றுக் கலனோ, வலைமிதப்போ, கையிற் கிடைத்ததை எறிக. அருகில் உள்ள கடற்றொழிலாளரைக் கூவி அழைக்க.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையிலே மிகுதியாகப் பலிகொண்ட மாவட்டம் அம்பாறையே. அதன்பின் இம்மாவட்ட முகாம்களிற் சுமார் 3,500 பேரைக் கொண்ட குடும்பங்களிடையே நடந்த ஆய்வொன்று, பெண்களில் 17.5 வீதத்தினரும் ஆண்களில் 8.2 வீதத்தினரும் மாண்டனர் எனக் காட்டிற்று. அத்தகைய பேரலையின் முன் நீச்சல் ஒன்றே காத்திருக்கும் என்பது மிகையாகும். ஆயினும், கடலருகே வாழும் பெண்மக்களுக்கு நீரைப் பற்றிய அறிவை மறுத்து வைத்திருப்பது முறையன்று என்பதை அவ்வெண்கள் உணர்த்தவில்லையா? மறைவும் மரியாதையும் காத்து, பெண் ஆசிரியைகளைக் கொண்டு பெண்களுக்கு நீச்சல் பயிற்றுவது இயலாத காரியமன்று.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நெய்தற் பாட்டைக் கற்பிக்கும் நாம், ஒருநாள் மாணவரைக் கரைக்கு அழைத்துச் செல்வோம். நீரில் இறங்காமற் பத்து நிமிடம் நின்று பார்க்கச் சொல்வோம். நுரை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை, சருகு எத்திசையிற் போகிறது என்று வினவுவோம். முதிய மீனவர் ஒருவரை அன்று ஆசானாக இருத்தி, அவர் கூறுவதைக் கேட்போம். ஏட்டிலே இல்லாத அந்தப் பாடம், ஒரு வீட்டிலேனும் ஒப்பாரி எழாமற் காக்குமாயின், அதனினும் சிறந்த கல்வி யாது?