‘கோ’வுக்கு ‘வென்ட்’ வந்த வழி

ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள் என்றாவது ஒருநாள் கேட்கிற கேள்வி இது: ‘வாக்’ என்றால் ‘வாக்டு’, ‘ஜம்ப்’ என்றால் ‘ஜம்ப்டு’, ‘கோ’வுக்கு மட்டும் ஏன் ‘வென்ட்’? “அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அவ்வளவு நல்ல கேள்விக்கு அது போதாது. பிள்ளையின் சந்தேகம் நியாயமானது. ‘வென்ட்’ பிறப்பால் ‘கோ’வுக்கு உரியதே அல்ல. இன்னொரு வினைச்சொல்லின் இறந்தகாலம் அது.

அந்த வினை ‘வெண்ட்’. ‘குண்டு’ என்னும்போது டகரம் எப்படி மெலிந்து ஒலிக்கிறதோ, அப்படி முடியும். ‘பட்டு’ என்பதில் வரும் அழுத்தத்தோடு முடித்தால் அதன் இறந்தகாலம். அனுப்புவதைச் சொல்லும் ‘செண்ட் – சென்ட்’, செலவழிப்பதைச் சொல்லும் ‘ஸ்பெண்ட் – ஸ்பென்ட்’ எல்லாம் இதே அச்சு. தன் சொந்த வினையோடு இருந்தவரை ‘வென்ட்’ ஒழுங்கான சொல்தான்.

‘வெண்ட்’ முதலில் போவதைக் குறிக்கவில்லை, திருப்புவதைக் குறித்தது. வளைந்து சுற்றுவதைச் சொல்லும் ‘வைண்ட்’ என்ற வினையிலிருந்து பழைய ஜெர்மானிய மொழியில் உண்டான பிறவினை அது. நம்முடைய திரும்பு – திருப்பு மாதிரி. ஒரு திசையில் முகத்தைத் திருப்புவது, பிறகு அத்திசையில் கிளம்புவது, கடைசியில் வெறுமனே போவது என்று பொருள் நகர்ந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய ‘கேன்டர்பரி கதைகள்’ முகப்பில் யாத்ரீகர்கள் போவதற்கு இந்த வினைதான் வருகிறது.

அப்படியானால் அதுவரை ‘கோ’ என்ன செய்துகொண்டிருந்தது? பழைய ஆங்கிலத்தில் அதன் இறந்தகாலம் ‘ஏஓடெ’. பின்னாளில் அது ‘யேட்’, ‘யோட்’ என்றெல்லாம் திரிந்தது. அந்தச் சொல்லும் ‘கோ’வின் வேரில் முளைத்ததல்ல என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். எழுத்தில் நமக்குக் கிடைக்கிற முதல் நாளிலிருந்தே ‘கோ’ தன் இறந்தகாலத்துக்கு வேறொரு சொல்லைத்தான் நம்பியிருந்தது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் தென் இங்கிலாந்தில் அந்த இடத்தை ‘வென்ட்’ பிடித்துக்கொண்டது. பழைய வடிவம் எவ்வளவு மறந்துபோனதென்றால், 1590இல் வெளிவந்த ‘ஃபேரி குயீன்’ காவியத்தில் ஸ்பென்சர் ‘யேட்’ என்பதை இறந்தகாலம் என்று உணராமல், ‘போக’ என்ற பொருளில் கையாண்டார். ஸ்காட்லாந்து மொழியிலோ ‘கே – கேய்டு’ என்று பிள்ளைகள் எதிர்பார்க்கும் ஒழுங்கான வடிவமே உருவாகியிருக்கிறது. தன் இறந்தகாலத்தைப் பறிகொடுத்த ‘வெண்ட்’, ‘வெண்டட்’ என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டு, இன்று ஓரிரு தொடர்களில் மட்டும் பிழைத்திருக்கிறது.

இப்படி வேறு வேர்கள் சேர்ந்து ஒரே வினையாவதை ஹெர்மன் ஓஸ்ட்ஹாஃப் என்ற ஜெர்மானிய அறிஞர் 1899இல் விரிவாக ஆராய்ந்தார். அன்றாடம் ஓயாமல் புழங்கும் சொற்களில்தான் இது அதிகம் நடக்கிறது. பிரெஞ்சு மொழியிலும் ‘போ’ என்னும் வினை இப்படி ஒட்டிச் சேர்ந்ததுதான். ஆங்கிலக் குழந்தைகளும் ‘கோட்’ என்று சொல்லிப் பார்ப்பார்கள். ஆனால் ‘வென்ட்’ நாள் முழுக்கக் காதில் விழுகிறதே, எப்படித் தொலையும்? அவ்வளவு அடிக்கடி வராத ‘ஹெல்ப்’ ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’ என்று மாறிய வினை. அது பொதுவிதிக்குப் பணிந்து ‘ஹெல்ப்டு’ ஆகிவிட்டது.

‘கோ’ செய்த இன்னொரு காரியமும் உண்டு. ‘கோயிங் டு’ என்றால் ஒரு வேலைக்காக ஓரிடத்துக்கு நடந்து போவது என்றுதான் முதலில் பொருள். 15ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அது மெல்ல எதிர்காலத்தைக் காட்டத் தொடங்கியது. இன்று மழையும் ‘கோயிங் டு ரெயின்’தான். ‘மழை பெய்யப் போகிறது’ என்று தமிழும் அதே வினையை அதே வேலைக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலப் பேச்சில் அது ‘கொனா’ என்று சுருங்கியும்விட்டது. ‘ஐ ஆம் கொனா ஈட்’ என்று சொல்லலாம். ‘ஐ ஆம் கொனா லண்டன்’ என்று யாரும் சொல்வதில்லை. சுருங்கிய வடிவத்தில் எதிர்காலம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது, பயணம் இல்லை.