நாய் வளர்ப்போர் அறிய வேண்டுவன

நாயைப் பற்றிப் பேசக் கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்திருக்கலாமே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நேயர்கள் எண்ணக்கூடும். எண்ணுவது நியாயமே. ஆயினும் முப்பதாண்டுக்கு மேல் பிள்ளைகளோடு பழகியவன் நான். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் நாய்க்குட்டியும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். எங்கள் வீட்டில் இப்போது வளர்வது நான்காவது நாய். மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் தெரிந்துகொண்டவற்றை வகுப்பறையில் சொல்வது போலவே இங்குச் சொல்கிறேன்.

நம்மவருள் நாய் வளர்ப்போர் இரு திறத்தினர். மிஞ்சிய எச்சிற்சோற்றைக் கொல்லையில் கொட்டிவிட்டால் நாயின் பாடு தீர்ந்தது என்பார் ஒரு சாரார். நாயைப் பெற்ற பிள்ளையாகவே பாவித்து, தாம் உண்ணும் இனிப்பு முதல் காப்பி வரை யாவற்றையும் ஊட்டி மகிழ்வார் மற்றொரு சாரார். முன்னவரிடம் அன்பு குறைவு. பின்னவரிடம் அன்பு மிகுதி. இருவருமே நாயின் உடல் நம் உடல் அன்று என்பதை மறந்துவிடுகின்றனர்.

முதலில் உணவைப் பார்ப்போம். நாய் ஓநாயின் வழிவந்தது. ஆதலால் அதற்கு இறைச்சி தவிர வேறெதுவும் ஆகாது என்று சிலர் கூறுவர். அது முழு உண்மையன்று. மனிதனை அண்டி வாழ்ந்த பல்லாயிரம் ஆண்டுகளில் நாயின் குடல் நம் தானியத்திற்குப் பழகிவிட்டது. ஓநாயைவிட நாய்க்கு மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் மிகுதி என்பதை, 2013 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி மரபணுக்களைக் கொண்டே காட்டியது. எனவே சோறு போடுவது குற்றமன்று. வெறுஞ்சோற்றை மட்டும் போடுவதுதான் குற்றம். மூன்று வேளையும் தயிர்ச்சோறு உண்ணும் நாய் பார்வைக்குக் கொழுத்திருக்கும்; தசை வலுவிராது, மயிர் மங்கி உதிரும். முட்டையோ, முள் நீக்கிய மீனோ, எலும்பு நீக்கிய கோழியோ உப்பும் காரமும் இன்றி வேகவைத்துச் சோற்றோடு பிசைந்து கொடுப்பது நன்று. புலால் புகாத வீட்டினர் முட்டைக்கு மட்டுமேனும் இசையலாம். அதற்கும் மனம் ஒப்பாதவர்கள் மருத்துவரைக் கலந்து, கடையில் விற்கும் தீனியுள் தக்கதைத் தெரிந்துகொள்ளலாம். வளர்ந்த நாய்கள் பலவற்றிற்குப் பால் செரிப்பதில்லை; வயிறு போகும். அதற்காக வருந்த வேண்டுவதில்லை. நாயின் குடிப்பு தண்ணீர்தான்.

இனி, கொடுக்கவே கூடாதவை. நம் சமையலுக்கு உயிரான வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பச்சையாயினும் வெந்ததாயினும் ஒன்றே. கறிக்குழம்பில் இறைச்சித் துண்டை எடுத்துக்கொண்டு மிஞ்சிய குழம்பைச் சோற்றில் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அக்குழம்பில் எத்தனை வெங்காயம் கரைந்திருக்கிறது என்பதை இல்லத்தரசியரைக் கேட்டால் தெரியும். திராட்சையும், பாயசத்தில் இடும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். புளியிலும் திராட்சையிலும் உள்ள டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணமாகலாம் என மருத்துவ ஆராய்ச்சியாளர் 2022 இல் எழுதியுள்ளனர். ஆகையால் புளியுருண்டையை நாய்க்கு எட்டாத இடத்தில் வைப்பதே அறிவுடைமை. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாயின் இதயத்தைப் படபடக்கச் செய்யும். சர்க்கரையில்லா மிட்டாய்களிலும் சூயிங்கத்திலும் சேர்க்கும் சைலிட்டால் இரத்தச் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தி உயிருக்கே உலை வைக்கும். வெந்த கோழியெலும்பு ஊசி போல் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். நாய் சோர்ந்து படுத்திருக்கிறதே என்று நமக்குரிய காய்ச்சல் மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுப்பாரும் உளர். பாரசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் நாய்க்கு நஞ்சாகும்.

காய்ச்சல் என்றதும் மற்றொன்று சொல்ல வேண்டும். மூக்கு உலர்ந்திருந்தால் காய்ச்சல், ஈரமாயிருந்தால் நலம் என்பது நம் ஊர்க் கணக்கு. அக்கணக்கு பொய்த்துப் போவதே மிகுதி. நாயின் இயல்பான உடல்வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். தொட்டால் நம் கைக்குச் சுடத்தான் செய்யும். உண்ண மறுத்தல், ஓயாத வாந்தி, குருதி கலந்த கழிச்சல், ஈறு வெளுத்தல் இவற்றைக் கண்டால்தான் விரைய வேண்டும்.

நமக்குப் போல் நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இரைப்பதே அது வெப்பத்தை வெளியேற்றும் வழி. சித்திரை வெயிலில் நண்பகலில் தார்ச்சாலையில் நடத்திச் செல்வோர், புறங்கையை ஐந்து நொடி சாலையில் வைத்துப் பார்க்கட்டும். தம் கை பொறுக்காத சூட்டை நாயின் பாதம் எங்ஙனம் பொறுக்கும்? பூட்டிய காரில் விட்டுச் செல்வது கொலைக்கு ஒப்பு. பனிநாட்டு நாய்களை இங்குக் கொணர்ந்து வருத்துவதைவிட, இம்மண்ணுக்குப் பழகிய ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றை வளர்ப்பதே மேல் என்பது என் கருத்து. ராஜபாளையம் நாய்க்கு 2005 இல் அஞ்சல்தலை வெளியிட்டு நம் அஞ்சல்துறை சிறப்புச் செய்தது. தெருவில் பிறந்த நாட்டு நாயும் இவற்றிற்கு இளைத்ததன்று.

உண்ணியைக் கிள்ளிக் கையால் நசுக்காமல் இடுக்கியால் வேரோடு பற்றி எடுக்க வேண்டும்; அது நாய்க்கு நோய்க்கிருமிகளையும் கொண்டுவரும். குடற்புழு மருந்தை மருத்துவர் குறிக்கும் தவணையில் கொடுத்துவர வேண்டும். அப்புழுக்களின் முட்டை மண்ணில் கலந்து, மண்ணில் விளையாடும் குழந்தையின் வயிற்றுக்கும் செல்லும். குட்டி பிறந்து ஆறு முதல் எட்டு வாரத்தில், பார்வோ முதலிய கொள்ளைநோய்களுக்கான தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதத்தில் இட்டு, பின்னர் மருத்துவர் சொல்லும் முறைப்படித் தொடர வேண்டும்.

வெறிநோய் பற்றிச் சற்று விரிவாகவே கூற விழைகிறேன். தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் நான் பணியாற்றிய 1994 ஆம் ஆண்டு அது. ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன், பள்ளியின் பின்புறம் திரிந்த குட்டி ஒன்றுக்குத் தன் மதிய உணவில் பங்கு கொடுத்து வந்தான். ஒருநாள் அது அவன் விரலைக் கவ்வியது. சிறு கீறல்தான். அந்நாளில் அரசு மருத்துவமனைகளில் தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிகளைப் பற்றி ஊரெங்கும் அச்சம் இருந்தது. அவ்வச்சத்தால் அவன் வீட்டில் வாய் திறக்கவில்லை. தோழன் ஒருவனுக்கு மட்டும் தெரியும். குட்டிதானே, பல்லில் விடமிராது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து அவனால் தண்ணீர் விழுங்க முடியவில்லை. அதன்பின் நான்கு நாள். வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை அடித்தது என் கைதான்.

அக்குட்டியின் பல்லில் இருந்தது விடமன்று, உமிழ்நீரில் வாழும் நுண்கிருமி. அது குட்டியிடமும் இருக்கும். காயத்தின் நரம்பு வழியே மெல்ல ஏறி மூளையை எட்டும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். மூளையை எட்டி நோய் வெளிப்பட்ட பின் காப்பாற்றுவது அநேகமாக இயலாது. எட்டுவதற்கு முன் உள்ள அவகாசமே நமக்குக் கிடைத்த வாய்ப்பு. 1885 ஜூலை 6 ஆம் நாள், ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தடுப்பு மருந்தைச் செலுத்திப் பிழைக்க வைத்தது இவ்வவகாசத்தைக் கொண்டே. நம் குன்னூரில் 1907 இல் பாஸ்டர் நிலையம் எழுந்ததும் இதற்காகவே.

கடிபட்டால், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் நாம் எண்ணுவதைவிட நீளமானது. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், எருக்கம்பால் எதையும் அப்பக்கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தம் கசிந்த காயமாயின், தடுப்பூசி பயன் தரத் தொடங்கும்வரை காக்கும் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் காயத்திலேயே செலுத்துவர். நாய் நலமாகத்தானே உலாவுகிறது என்று காத்திருக்கலாகாது. ஊசியைத் தொடங்கிவிட்டே நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும்.

தொப்புளைச் சுற்றிய ஊசி நம் நாட்டில் 2004 ஆம் ஆண்டோடு ஒழிந்தது. இதனைப் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்; கடியை மறைத்தால்தான் தண்டனை, சொன்னால் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இப்போது மேற்கையில்தான் ஊசி; அரசு மருத்துவமனைகளில் கட்டணமும் இல்லை. தோலில் இடும் முறையாயின் முதல் ஊசிக்குப் பின் 3, 7, 28 ஆம் நாள்களிலும், தசையில் இடும் முறையாயின் 14 ஆம் நாளிலும் சேர்த்துப் போடுவர். அந்நாள்களை ஓர் அட்டையில் குறித்துத் தருவார்கள். அதனை அலமாரியில் வைத்துப் பூட்டாமல், நாட்காட்டி தொங்கும் ஆணியிலேயே மாட்டிவைக்கலாம்.