ஒரே அரளி, இரண்டு தந்திரங்கள்

நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் வரிசையாக நிற்கும் அரளியில் ஆடு, மாடு வாய் வைப்பதில்லை. அதன் எல்லாப் பாகங்களிலும் உள்ள ஒலியாண்ட்ரின் என்ற நஞ்சு இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது. அந்த இலையைத் தின்றே வளரும் பூச்சிகளும் உண்டு. வெண்புள்ளிக் கருப்பன் என்ற வண்ணத்துப்பூச்சி ஒன்று. அரளிப் பருந்து அந்துப்பூச்சி இன்னொன்று. உணவு ஒன்றானாலும் உயிர் பிழைக்கும் வழி வேறு வேறு.

வண்ணத்துப்பூச்சிதான் அழகு, அந்துப்பூச்சி மங்கல் என்ற நினைப்பு இங்கே தலைகீழாகிறது. கருப்பன் வெறும் கரும்பழுப்பு. இறக்கை ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான். அந்துப்பூச்சியோ பல சாயல் பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த கோலம். ஆனால் அந்தக் கோலம் ஒளிந்துகொள்ளத்தான். பகலில் இறக்கையை விரித்து இலைகளுக்கிடையே அமர்ந்துவிட்டால் கண்ணில் படாது.

கருப்பனுக்கு ஒளியத் தேவையில்லை. பட்டப்பகலில் மெதுவாக, சாவகாசமாகப் பறக்கும். அதன் உடல் பறவைகளுக்குச் சுவைக்காது. இந்தக் கசப்பை அரளி மட்டும் தருவதில்லை; கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு போன்ற செடிகளின் வாடிய பாகங்களை உறிஞ்சி, ஆண்பூச்சிகள் ஆல்கலாய்டுகளைச் சேர்த்துக்கொள்கின்றன. பெண்ணைக் கவரும் மணமும் அவற்றிலிருந்தே உருவாகிறது. பிடிபட்டால் செத்ததுபோல் கிடக்கும். தோல் தடித்திருப்பதால் ஓரிரு கொத்துகளைத் தாங்கிக்கொள்ளும். இதற்குள்ள மரியாதையைப் பார்த்து, சுவையான வேறு சில வண்ணத்துப்பூச்சிகளும் கருப்பன் வேடம் போடுகின்றன.

புழுப் பருவத்திலேயே இந்த வேறுபாடு தெரியும். கருப்பன் புழு பட்டைபட்டையாக, நான்கு ஜோடி கறுப்பு இழைகளுடன் பளிச்சென்று இருக்கும். அந்துப்பூச்சிப் புழு இலைப்பச்சை. வாலில் சிறு கொம்பு. சீண்டினால் தலையை உள்ளிழுத்து முன்பகுதியை உப்பவைக்கும். அப்போது அங்குள்ள இரண்டு நீலக் கண்புள்ளிகள் விழித்துப் பார்க்கும். கூட்டுப்புழுவாகும்போது இது பழுப்பாக மாறி, தரையில் சருகுக்குள் போய்விடும். கருப்பனின் கூட்டுப்புழுவோ இலைக்கடியில் வெள்ளிப் பளபளப்போடு தொங்கும்.

வளர்ந்த பூச்சிகளைப் பிரித்தறிய உணர்கொம்பைப் பாருங்கள். கருப்பனுக்கு அதன் நுனி குண்டாயிருக்கும். அந்துப்பூச்சிக்கு மெலிந்து முடியும். பறக்குமுன் கருப்பன் வெயில் காயும். வெயிலில்லாத அந்தியில் கிளம்பும் அந்துப்பூச்சி, தசைகளை நடுங்கவைத்து உடலைச் சூடேற்றிக்கொள்ளும். பிறகு பூவில் உட்காராமலே அந்தரத்தில் நின்று, நீண்ட உறிஞ்சுகுழலால் தேன் குடிக்கும்.

வீட்டு அரளி திடீரென மொட்டையானால் செடிக்கடியில் பாருங்கள். பெரிய எச்ச உருண்டைகள் கிடந்தால், மேலே பச்சைப் புழு இருக்கிறது என்று பொருள். மருந்தடிக்க வேண்டாம், அரளி மறுபடி துளிர்த்துவிடும்.