இருவும் ஈரும்



கல்முனையிலிருந்து தெற்கே பொத்துவிலுக்குச் செல்லும் கரையோர வீதியில் உள்ளது கோமாரி. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. காலையில் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்கள் இவ்வீதியிற் சாரிசாரியாகச் செல்லும். வாயாற் சொல்வது சைக்கிள். அறிவித்தற் பலகையில் எழுதுவதோ துவிச்சக்கரவண்டி. "சேர், துவி என்றால் என்ன?" என்று மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்.

துவி என்பது இரண்டு எனப் பொருள்படும் வடசொல். சக்கரமும் வடசொல்லே. பைசிக்கிள் என்பதன் முதலில் நிற்கும் 'பை' இலத்தீனில் இரண்டைக் குறிப்பது. 'சிக்கிள்' வட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்வழி வந்தது. இவற்றை ஆராய்ந்த மொழிநூலார், துவியும் பையும் ஒரே மூலத்திற் பிறந்தவை என்பர். சக்கரமும் சிக்கிளும் அவ்வாறே. ஆகவே, ஆங்கிலச் சொல்லை விலக்கிவிட்டோம் என்று மகிழ்ந்து நாம் வீட்டுக்கு அழைத்துவந்தது அதன் உடன்பிறப்பையே!

தமிழ்நாட்டார் மிதிவண்டி என்றனர். அது சக்கரத்தை எண்ணாது காலின் தொழிலை நோக்கிய பெயர். ஈருருளி என்று ஆக்கினாரும் உளர். 'இரு உருளி' என்னாது 'ஈருருளி' என்றது ஏன்? இரண்டு என்னும் எண்ணுப்பெயர் குறுகி முன்னொட்டாகும்போது, மெய்யெழுத்தின்முன் 'இரு' எனவும், உயிரெழுத்தின்முன் 'ஈர்' எனவும் நிற்கும். இருபது, இருநூறு, இருவினை. ஈரைந்து, ஈராயிரம், ஈரடி. ஒரு கிளை, ஓர் இலை என்று பிழையின்றி எழுதும் பிள்ளை, 'இரு இலைகள்' என்று எழுதத் தயங்குவதில்லை. செய்தித்தாள்களும் 'இரு அணிகள்' என்றே அச்சிடுகின்றன. மக்களைச் சுட்டுமிடத்து 'இரு இளைஞர்கள்' என்பதினும் 'இளைஞர் இருவர்' என்பதே அழகு.

அரபு பயிலும் எம்மூர்ப் பிள்ளைகளுக்கு வேறொரு வழியும் தெரியும். அம்மொழியில் ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே இருமை என ஓர் எண் உண்டு. ஹரம் என்பது ஒன்று; ஹரமைன் என்றால் மக்கா, மதீனா ஆகிய இரண்டும். சொல்லின் ஈறே இரண்டைக் காட்டிவிடும். வடமொழியிலும் இருமை உண்டு. தமிழிலோ ஒருமையும் பன்மையுமே உள. அதனால், இரண்டு எனும் பொருளைச் சொல்லின் முதலில் நிற்கும் இருவும் ஈருமே சுமக்கின்றன. அவற்றை மாற்றி வைத்தாலும் பொருள் கெடாது; ஓசை கெடும். 'இரு இலை' என உரக்கச் சொல்லிப் பாருங்கள், நா இடறும்.

பலகையை மாற்றிவிடலாமா என்று அம்மாணவன் கேட்டான். துவிச்சக்கரவண்டி எனும் பெயர் மூன்று தலைமுறையாக எமக்குப் பழகியது. அது இருக்கட்டும் என்றேன். அதன் கீழே, 'வாயிலின் இரு ஓரங்களிலும் நிறுத்தாதீர்' என்றிருந்ததே, அதனை அவன் கையாலேயே அழித்து 'இருபுறமும்' என்று எழுதச் செய்தேன்.